மேடிசனில் எங்கே சாப்பிடுவது: மகனுக்கு ஒரு கடிதம்

தூத்துக்குடி,
செப்டம்பர் முதல் வாரம்.

அன்பு மகன் சேவியருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அக்காவும் நானும் நலம். நீ தொலைபேசியில் பேசும்போது, அறையிலேயே சோறு பொங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து, கணினியின் முன்னால் உட்கார்ந்து தின்றுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடுவதாகச் சொன்னாய். வெளியே போனால் எங்கே நுழைவது, எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னாய். பால் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்காக 1990களில் நான் படித்த ஊர் அது; பிறகு வருகை ஆய்வாளராகச் சில மாதங்கள் மறுபடி போய்த் தங்கிய ஊரும் அதுவே. ஆகவே விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான அந்த மேடிசனில் எங்கே, எந்த நாளில், யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை உனக்கு எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பொடியும் ஊறுகாயும் அலமாரியில் இருக்கட்டும். உடம்பு சரியில்லாத நாளுக்கும் பனி கொட்டும் இரவுக்கும் அவை வேண்டும். ஆனால் நீ வாழப் போயிருக்கும் ஊர் தன் உணவைத் தானே விளைவித்து, தானே கறந்து, தானே உறைய வைத்து, பெரும்பாலும் அதை உண்டாக்கியவர் கையாலேயே பரிமாறுகிற ஊர். அங்கே நான்கைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, அந்த உணவை அந்த ஊராரோடு ஒரு மேசையில் உண்ணாமல் திரும்பி வந்தால், பட்டம் கிடைத்திருக்கும், ஊர் கிடைத்திருக்காது. நான் அங்கே அந்நியமாக உணர்வதை விட்டது வகுப்பறையிலோ ஆய்வகத்திலோ அல்ல, சாப்பாட்டு மேசைகளில்தான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதலில் வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். விஸ்கான்சின் மாநிலம் முழுவதும் வெள்ளிக்கிழமை இரவு மீன் பொரிக்கிற இரவு. சிறிய மதுக்கூடம், பெரிய உணவகம், முன்னாள் படைவீரர் சங்கக் கூடம், தவக்காலமானால் பங்குக் கோயிலின் அடித்தளக் கூடம் என்று எங்கே பார்த்தாலும் அன்று மாலை வாசலில் ‘பிஷ் ஃப்ரை’ என்று பலகை வைத்திருப்பார்கள். நம் வீட்டில் பாட்டி வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று இறைச்சியைத் தொடாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வழக்கம்தான் இதற்கும் வேர். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி மீன் உண்டார்கள். பிறகு 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், பீர் விற்க முடியாமல் போன மதுக்கூடக்காரர்கள் ஏரி மீனைப் பொரித்து மலிவாகப் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள். 1966இல் அமெரிக்க ஆயர்கள் தவக்காலத்துக்கு வெளியே வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்குவது கட்டாயமில்லை என்று தளர்த்திய பிறகும் அந்த ஊர்க்காரர்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. இன்று லூத்தரன் சபையாரும் யூதரும் சமயமே வேண்டாம் என்பவரும் கத்தோலிக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மீனைத் தின்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியில் தெரிந்துகொண்ட ஒரு நோன்பு, பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஊர் கூடும் இரவாக ஆகியிருப்பதைக் கண்டு அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

என்ன கேட்பது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் காட் என்னும் கடல் மீன் இருக்கும். அது வெகு தொலைவிலிருந்து உறைநிலையில் வருவது. சதை வெள்ளையாகவும் பெரிதாகவும் இருக்கும், ஆனால் கடற்கரையில் பிறந்த நாக்குக்குச் சப்பென்று தோன்றும். விலை சற்றுக் கூடினாலும் பெர்ச் என்னும் ஏரி மீனைக் கேள். விரல் நீளத்துக்குச் சற்று மேலான மெல்லிய துண்டுகள், இனிப்பான சதை, மேல்மாவு மொறுமொறுவென்று இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். அது இல்லாவிட்டால் வால்ஐ என்னும் மீனைக் கேள். குளத்து மீனென்றால் சேற்று வாடை அடிக்கும் என்று நம் பக்கத்தில் ஒதுக்குவார்கள். நானும் அப்படி எண்ணித்தான் போனேன். குளிர்ந்த நீரில் வளர்ந்த அந்த மீன்களில் அந்த வாடை துளியும் இல்லை. உருளைக்கிழங்கை எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். வறுவல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். துருவிய உருளைக்கிழங்கில் தட்டிச் சுட்ட அடையைக் கேள். அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் தருவார்கள். கூடவே முட்டைக்கோசுக் கலவையும் ரை ரொட்டித் துண்டும் எலுமிச்சையும் வரும். மிளகாய்த்தூளை அங்கே எதிர்பார்க்காதே. எலுமிச்சையை நன்றாகப் பிழிந்துகொள், போதும்.

சட்டமன்றச் சதுக்கத்தில் 2005இல் தொடங்கிய ‘தி ஓல்டு ஃபேஷன்ட்’ உணவகத்தில் வெள்ளிக்கிழமை மீன் நன்றாக இருக்கும். நீ நடந்தே போய்விடலாம். ஆனால் யாரிடமாவது கார் இருந்தால், ஊரின் தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ‘டோபிஸ் சப்பர் கிளப்’ போன்ற பழைய பாணி இடத்துக்கு ஒரு முறையாவது போ. சப்பர் கிளப் என்று பெயர் இருந்தாலும் உறுப்பினர் கட்டணம் எதுவும் இல்லை, யாரும் போகலாம். போனவுடன் மேசை கிடைக்காது. பெயரைக் கொடுத்துவிட்டு மதுக்கூடப் பகுதியில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தொல்லை என்று எண்ணிவிடாதே, அந்த மாலையின் பாதி அதுதான். அங்கே பிராந்தியில் சர்க்கரையும் ஆரஞ்சும் செர்ரியும் சேர்த்து ஒரு பானம் கலப்பார்கள்; மற்ற மாநிலங்களில் விஸ்கியில் செய்வதை விஸ்கான்சின்காரர்கள் மட்டும் பிராந்தியில்தான் செய்வார்கள். குடிப்பதும் குடிக்காததும் உன் விருப்பம். ஒரு எலுமிச்சைச் சோடாவை வைத்துக்கொண்டும் அங்கே நிற்கலாம். பக்கத்தில் நிற்கும் முதியவர் உன்னை எந்த ஊர் என்று கேட்பார். கடற்கரை ஊர், மீன் பிடிக்கிற ஊர் என்று சொல். அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. மெண்டோட்டா ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுவதைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் உன் பெயரைக் கூப்பிடுகிற வரை நிறுத்த மாட்டார்.

அடுத்தது பால். இதில் அம்மாவுக்குத் தொழில் பாசம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். உன் ஆய்வகத்திலிருந்து லிண்டன் டிரைவ் வழியாக மேற்கே நடந்தால் பாப்காக் ஹால் வரும். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பால் பண்ணைக் கட்டடம், 1951இல் கட்டியது. ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890இல் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பாலின் கொழுப்பை அளக்கும் எளிய சோதனையைக் கண்டுபிடித்தார். பாலில் கந்தக அமிலத்தை ஊற்றினால் கொழுப்பு நீங்கலாக மற்றவை கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு கழுத்துப் பகுதியில் ஏறி நிற்கும். அளவுக்கோட்டில் அதைப் படித்துக்கொள்ளலாம். அதுவரை எடையைப் பார்த்தே பாலுக்கு விலை போட்டதால், தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே காசு கிடைத்துக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பால் சொசைட்டியில் கொழுப்பைப் பார்த்து விலை போடுகிறார்கள் அல்லவா, அந்த நியாயத்துக்கு அடிப்படையான வேலைகளில் ஒன்று அங்கே நடந்தது. பாப்காக் அதற்குக் காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடத்தின் கடையில் ஐஸ்கிரீம் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்.

அங்கே ஆரஞ்சு கஸ்டர்டு சாக்லேட் சிப் என்று ஒரு வகை உண்டு. முட்டை சேர்ந்த கெட்டியான ஆரஞ்சு ஐஸ்கிரீமில் கருஞ்சாக்லேட் துணுக்குகள் கிடக்கும். முதல் முறை அதையே வாங்கு. வேர்க்கடலையும் கேரமலும் பிடித்தால் ‘யூனியன் யுட்டோபியா’ வாங்கலாம், ஆனால் அது எனக்குத் திகட்டும். கடையில் பாலும் சீஸும் கூட விற்பார்கள். பாலை அங்கேயே வாங்கிக்கொள். உன் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டீன்பாக் நூலகத்தின் பெயருக்கு உரிய ஹாரி ஸ்டீன்பாக், 1920களில் புற ஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி உண்டாவதை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நிறுவினார்; குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோய் அதன் பிறகுதான் அமெரிக்காவில் அடங்கியது. நவம்பருக்குப் பிறகு அந்த ஊரில் வெயில் உடம்பில் படாது; நம் நிறத்துக்கு அதிக வெயில் வேண்டும். ஆகவே வைட்டமின் டி சேர்த்த பாலைத் தினமும் குடி. இது அம்மாவாகவும் சொல்கிறேன், அந்தத் துறையில் படித்தவளாகவும் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை சட்டமன்றச் சதுக்கத்தைச் சுற்றி உழவர் சந்தை கூடும். 1972இல் தொடங்கியது, ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை வெளியில் நடக்கும், குளிர்காலத்தில் கூரைக்குள் போய்விடும். விற்பவரே விளைவித்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வாங்கி விற்கும் இடைத்தரகருக்கு இடமில்லை. ஏழு மணிக்கு முன்பே போய்விடு. ஒன்பதுக்கு மேல் கூட்டத்தில் நின்று பேச முடியாது. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், நீயும் அப்படியே சுற்று. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே போ. ‘ஸ்டெல்லாஸ்’ ரொட்டிக் கடைக்காரர்களிடம் மட்டும் மிளகாய் தூவிய சீஸ் ரொட்டியைச் சூடாக வாங்கி, பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே நட. காரத்துக்கு ஏங்குகிற நாக்கு அங்கே கொஞ்சம் அடங்கும்.

சீஸ் விற்பவர்களிடம் சீஸ் கர்ட்ஸ் என்று கேள். பாலைத் திரித்து, மோரை வடித்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்குவதற்கு முன் எடுத்த புதுத் திரளைத் துண்டுகள் அவை. அன்று செய்ததாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று ஒலிக்கும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பின்னிய பின்னல் இன்னும் தளராமல் பல்லில் உராய்வதால் வரும் ஒலி அது. ஓரிரு நாளில் பின்னல் தளர்ந்து ஒலி நின்றுவிடும். ஆகவே அந்தத் துண்டு எப்போது செய்தது என்று சொல்ல எந்த அச்சிட்ட தேதியும் வேண்டாம், பல்லே சொல்லும். விற்பவரிடம் எந்தப் பண்ணைப் பால், எப்போது உறை ஊற்றியது என்று கேள். அவர்கள் சலிக்காமல் பதில் சொல்வார்கள். அமெரிக்காவிலேயே சீஸ் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் மாநிலம் விஸ்கான்சின் ஒன்றுதான். கை வைத்த தொழிலைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முகம் மலரும். மேலே சொன்ன ஓல்டு ஃபேஷன்டில் இதே துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். சுவையானதுதான், சந்தேகமில்லை, ஆனால் பொரித்த பிறகு எல்லாமே பொரித்த சுவை ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். பச்சையாக, சந்தையில், நின்றபடி தின்பதற்கு ஈடில்லை.

அந்தச் சந்தையில் ஹ்மாங் மக்களின் காய்கறிக் கடைகளைத் தேடிப் போ. லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்தவர்கள். அங்கே நடந்த போரில் அமெரிக்காவின் பக்கம் நின்று, 1975க்குப் பிறகு ஊரை இழந்து அகதிகளாக வந்தவர்கள். கலிபோர்னியாவுக்கும் மினசோட்டாவுக்கும் அடுத்தபடியாக விஸ்கான்சினில்தான் அவர்கள் அதிகம். அவர்களிடம் உறைப்பான சிறு மிளகாயும் கொத்தமல்லிக் கட்டும் கிடைக்கும். சில வாரங்களில் பாகற்காயும் வரும். மேடிசனின் வயல்களில் விளைந்த பாகற்காயை வாங்கி நீ ஒரு புளிக்குழம்பு வைத்தால், அது உன் அறைச் சமையலாக இருந்தாலும் அந்த ஊரின் உணவுதான்.

அவர்களைப் போலவே லாவோசிலிருந்து வந்த குடும்பங்களின் சமையலை உண்ண வேண்டுமானால் ஊரின் கிழக்கே வில்லியம்சன் தெருவுக்குப் போ. வில்லி ஸ்ட்ரீட் என்பார்கள். அங்கே ‘லாவோ லான் சாங்’ என்னும் உணவகத்தில் பூசணிக் கறி கேள். மஞ்சள் பூசணி வகையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, துளசி போட்டு இறக்குவார்கள். எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டுப் போ. பசையரிசிச் சோறும் வாங்கிக்கொண்டு, கையால் சிறு உருண்டையாகப் பிடித்து, கறியில் தொட்டுத் தின். அமெரிக்காவில் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து கையாலேயே உண்ணும் ஆறுதலை எனக்குத் தந்த மேசைகளில் அதுவும் ஒன்று. அதே தெருவில் 1974இல் தொடங்கிய வில்லி ஸ்ட்ரீட் கூட்டுறவுக் கடை இருக்கிறது. பருப்பும் மசாலாச் சாமான்களும் அங்கே வேண்டிய அளவு அளந்து வாங்கலாம்.

நடுப்பகல் சாப்பாட்டுக்கு நீ ஸ்டேட் ஸ்ட்ரீட்டைத்தான் நம்பப் போகிறாய், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தையும் சட்டமன்றத்தையும் இணைக்கும் அந்தத் தெருவின் உன் பக்கத்து முனையில் நூலக முற்றம் இருக்கிறது. வெயில் காலத்தில் அங்கே உணவு வண்டிகள் நிற்கும். யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட முடியாது. நகர நிர்வாகம் மதிப்பீட்டாளர்களைக் கொண்டு உண்டு பார்க்கச் செய்து, மதிப்பெண் போட்டுத்தான் இடம் ஒதுக்குகிறது. ஆகவே அங்கே பெரும்பாலும் ஏமாற மாட்டாய். சோறும் பருப்பும் இல்லாமல் இருக்க முடியவில்லை என்ற நாளில் தெருவின் மேல்பக்கம் நடந்து ‘ஹிமால் சூலி’க்குப் போ. நேபாளிக் குடும்பம் 1980களில் தொடங்கிய சின்னக் கடை. பருப்பும் காய்கறிக் கூட்டும் ரொட்டியும் மோமோவும் கிடைக்கும். வட இந்திய உணவகங்களும் ஊரில் உண்டு, தேடினால் தோசையும் கிடைக்கும். ஆனால் தூத்துக்குடித் தோசையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஹிமால் சூலியின் பருப்பு எதையும் பாவனை செய்யாத பருப்பு, அதனால் வயிறு அதை ஏற்றுக்கொள்கிறது.

இரவு வெகு நேரம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வரும்போது ‘இயன்ஸ் பீட்சா’ திறந்திருக்கும். மாக்கரோனியும் சீஸும் மேலே பரப்பிய பீட்சாத் துண்டு அவர்களுடைய பெயர் பெற்ற பண்டம். எனக்கு அதன் சுவையில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் அந்தக் கடையின் மேல் மரியாதை உண்டு. 2011 பிப்ரவரியில், அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையைக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சட்டமன்றத்துக்குள்ளேயே இரவும் பகலும் இருந்தபோது, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலிருந்தும் பல அயல்நாடுகளிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் பணம் கட்டிப் போராடியவர்களுக்குப் பீட்சா அனுப்பச் சொன்னார்கள். கடைக்காரர்களும் ஓயாமல் சுட்டுக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் உன்னைப் போன்ற ஆசிரிய உதவியாளர்களும் இருந்தார்கள். 1966இல் அமைந்த அவர்களுடைய சங்கம் அமெரிக்காவின் மிகப் பழைய பட்டமேற்படிப்பு மாணவ ஊழியர் சங்கம். நீயும் வகுப்பு எடுக்கிறாய் என்பதால் தெரிந்துகொள்.

காலை உணவுக்கு மன்ரோ தெருவில் ‘மிக்கீஸ் டெய்ரி பார்’. 1946 முதல் இருக்கிறது, விளையாட்டரங்குக்கு எதிரே. உருளைக்கிழங்கும் முட்டையும் சீஸும் ஒன்றாகக் குவித்து மேலே குழம்பு ஊற்றித் தரும் ஸ்க்ராம்ளரைப் பாதியளவு மட்டும் கேள். முழு அளவை இரண்டு பேர் உண்ணலாம். சொந்த மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடக்கும் சனிக்கிழமையில் அந்தப் பக்கமே போகாதே, முக்கால் லட்சம் பேர் தெருவில் இருப்பார்கள். பக்கத்தில் ரீஜென்ட் தெருவில் ‘கிரீன்புஷ் பேக்கரி’யில் டோனட் நன்றாக இருக்கும். அந்தப் பேட்டையில் முன்பு இத்தாலியரும் யூதரும் கறுப்பினத்தவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். 1960களில் நகர்ப் புதுப்பிப்பு என்ற பெயரில் அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பெயர் மட்டும் கடைகளில் மிஞ்சியிருக்கிறது.

பனி தொடங்குவதற்குள் நீ கட்டாயம் செய்ய வேண்டியது, மாலையில் மெமோரியல் யூனியனின் ஏரிக்கரை முற்றத்துக்குப் போவது. டெரஸ் என்பார்கள். 1928இல் திறந்த கட்டடம். உள்ளே ராத்ஸ்கெல்லர் என்று ஜெர்மானியப் பாணிக் கூடம் இருக்கிறது. மதுவிலக்கு தளர்ந்த 1933இலேயே பீர் பரிமாறத் தொடங்கிய முதல் அரசுப் பல்கலைக்கழக மாணவர் மன்றம் அதுதான். வெளியே சூரியக் கதிர் வடிவ முதுகு வைத்த பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிற இரும்பு நாற்காலிகள் கிடக்கும். அங்கே சுட்டுத் தரும் பிராட் என்னும் பன்றியிறைச்சித் தொத்திறைச்சியைக் கடுகுச் சாந்தும் வெங்காயமும் வைத்து வாங்கு. காலி நாற்காலி இல்லையென்றால் அறிமுகமில்லாதவர் மேசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டு உட்காரலாம். அங்கே அது வழக்கம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தனியாகப் போகிறவனும் அங்கே தனியாக இருக்க மாட்டான்.

திங்கட்கிழமை மாலைகளில் ‘ஸ்லோ ஃபுட்’ என்னும் மாணவர் அமைப்பினர் அக்கம்பக்கத்துப் பண்ணைப் பொருள்களைச் சமைத்துக் குறைந்த விலைக்குப் பந்தி வைப்பார்கள். உண்ணப் போவதைவிட ஒரு நாள் காய் நறுக்கப் போ. நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். மாதக் கடைசியில் உதவித்தொகை தீர்ந்துவிட்டால், பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்காக மாணவர்கள் நடத்தும் ‘ஓப்பன் சீட்’ என்னும் உணவுப் பொருள் உதவி மையம் இருக்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன் எனக்கும் சொல்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்காதே. உட்கார்ந்து உண்ணும் இடங்களில் பரிமாறுகிறவர்களுக்கு விஸ்கான்சின் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 33 சென்ட் மட்டுமே. மீதி, உண்பவர் வைக்கும் அன்பளிப்பிலிருந்துதான் அவர்களுக்குச் சேர வேண்டும். ஆகவே நூற்றுக்கு இருபது வைக்க முடியாத நாளில் உட்கார்ந்து உண்ணும் இடத்துக்குப் போகாதே, வண்டியில் வாங்கிக்கொள். உனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவர் கூலியில் நீ சிக்கனம் பிடிக்கக் கூடாது.

சட்டமன்றச் சதுக்கத்தில் ‘லெட்வால்’ என்று ஓர் உணவகம் உண்டு. 1976இல் ஒடெஸா பைப்பர் என்ற பெண்மணி தொடங்கியது. எதிரே நடக்கும் உழவர் சந்தையில் வாங்கியதையே அன்று சமைப்பது என்று அவர் வைத்த முறை பிறகு நாடெங்கும் பரவியது. விலை மாணவனுக்கு எட்டாது. உன் பட்டமளிப்புக்கு அப்பாவும் நானும் வரும்போது அங்கே போவோம். அதற்கென்று நான் இப்போதே ஒதுக்கி வைக்கத் தொடங்கிவிட்டேன். ‘எல்லாஸ் டெலி’ என்று கிழக்கு வாஷிங்டன் அவென்யூவில் ஒரு கடை இருந்தது. வாசலில் குழந்தைகள் ஏறிச் சுற்றும் குதிரை ராட்டினமும் உள்ளே அசையும் பொம்மைகளுமாக இருக்கும். உன்னை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நீ சிறுவனாக இருந்தபோது எண்ணியிருந்தேன். 2018 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். இந்தக் கடிதத்தில் உள்ள வேறு கடைகளும் நான் பார்த்தபடியே இருக்கும் என்று சொல்ல முடியாது; போகும் முன் ஒரு முறை விசாரித்துக்கொள்.

ஞாயிறு பூசைக்கு நூலக முற்றத்தின் ஓரத்தில் புனித பவுல் மாணவர் ஆலயம் இருக்கிறது. பூசை முடிந்ததும் அறைக்கு ஓடிவிடாமல் அங்கிருப்பவர்களோடு எங்காவது சாப்பிடப் போ.

வரும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன்பே கிளம்பி, ஆய்வகத்தில் உன் பக்கத்து மேசையில் இருக்கும் அந்த வியட்நாம் பையனையும் கூட்டிக்கொண்டு ஓல்டு ஃபேஷன்டுக்குப் போ. முதல் தடவைக்கான பணத்தை அப்பா உன் கணக்கில் போட்டிருக்கிறார், இரண்டு பேருக்கும் போதும், அன்பளிப்பும் சேர்த்துத்தான். பெர்ச் கிடைத்ததா, என்ன விலை, கிழங்கு அடைக்கு ஆப்பிள் கூழ் தந்தார்களா என்று சனிக்கிழமை சந்தைக்குப் போய்வந்த பிறகு எனக்கு விவரமாக எழுது.

உன் அன்பு அம்மா.